பிறர் ஒதுக்கிய சீட்டுகள்

சீட்டாட்டம் என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவு வருவது 52 சீட்டுகள் அடங்கிய கட்டும், அதனைக் கொண்டு ஆடும் ரம்மியுமே. ஊருக்குச் செல்லும் நெடுந்தொலைவு ரயிலில், பெட்டியின்மீது துண்டை விரித்து இரவு வெகுநேரம் ரம்மி ஆடியவர்கள் வெளிமாநிலங்களில் வாழும் நம் நேயர்களுள் ஏராளமாக இருப்பார்கள். ரம்மியில் கட்டு எல்லார்க்கும் பொது. எந்தச் சீட்டுக்கு எத்தனை புள்ளி என்பதும் பொது. ஆடுபவர் ஒவ்வொருவரும் தமக்குரிய கட்டைத் தாமே ஆக்கிக்கொள்ளும் விளையாட்டு ஒன்று உண்டு. அவ்விளையாட்டில், குப்பையென்று யாவரும் தள்ளிய சீட்டுகளையே தேடியெடுத்து வெற்றி கண்ட ஒரு விந்தையான முறையைப் பற்றி இங்கே கூறக் கருதுகிறேன்.

‘மேஜிக்: தி கேதரிங்’ என்பது அதன் பெயர். ரிச்சர்டு கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் வகுத்த இவ்விளையாட்டினை, விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்னும் நிறுவனம் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆடுவோர் இருவரும் மந்திரவாதிகள் என்பது கற்பனை. ஒவ்வொருவர்க்கும் 20 உயிர்ப்புள்ளிகள். நிலச் சீட்டுகள் ஆற்றல் தரும். அவ்வாற்றலைச் செலவிட்டு உயிரினங்களைப் படைக்கலாம், மந்திரங்களை ஏவலாம். எதிரியின் புள்ளிகளைத் தீர்த்தவர் வென்றவர். எடுக்க வேண்டிய சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கும் அடுக்கிற்கு ‘நூலகம்’ என்றும், பயன்பட்டும் மடிந்தும் கழிந்த சீட்டுகள் சேரும் இடத்திற்கு ‘இடுகாடு’ என்றும் பெயர். நூலகம் வறண்டபின் அதிலிருந்து ஒரு சீட்டு எடுக்க நேர்ந்தால் அவர் தோற்றவர் ஆவார். இந்த விதியை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். நமது கதை இதனைச் சுற்றியே வருகிறது.

இவ்விளையாட்டை ஆடும் வகைகள் பல. அவற்றுள் ‘டிராஃப்ட்’ என்பது தேர்ந்தெடுத்து ஆடும் வகை. எண்மர் வட்டமாக அமர்வார்கள். ஆளுக்கு மூன்று உறைகள். உறை ஒன்றிற்குச் சுமார் 15 சீட்டுகள். உறையைப் பிரித்து, ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு, மற்றவற்றை இடப்பக்கத்தவரிடம் தருதல் வேண்டும். வலப்பக்கத்திலிருந்து வேறொரு கற்றை வந்து சேரும். இரண்டாம் உறை வலம் நோக்கியும், மூன்றாவது மீண்டும் இடம் நோக்கியும் செல்லும். முடிவில் கையில் சேரும் சுமார் 45 சீட்டுகளுள் பாதியளவைத் தெரிந்து, பெரும்பாலும் 17 நிலச் சீட்டுகளைச் சேர்த்து, 40 சீட்டுக் கட்டாக அமைப்பார்கள். நல்ல உயிரினங்களையும், எதிரியின் உயிரினங்களை வீழ்த்தும் மந்திரங்களையும் முந்தி எடு. ஐந்து நிறங்களுள் இரண்டோடு நின்றுகொள். இவையே இத்துறையில் வழிவழி வரும் அறிவுரை. பிழையான அறிவுரையும் அன்று.

2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘இன்னிஸ்ட்ராட்’ என்னும் சீட்டுத் தொகுதி வெளிவந்தது. பேய்களும் ஓநாய் மனிதரும் உலவும் ஓர் அச்சநாடு அதன் களம். அதிலிருந்த மந்திரங்கள் பலவற்றிற்கு ‘ஃபிளாஷ்பேக்’ என்ற தன்மை உண்டு. சினிமாவில் பழங்கதையைக் காட்டுவதற்கு நாம் வழங்குகின்ற அதே சொல்தான். இத்தன்மை வாய்ந்த மந்திரம் இடுகாட்டை அடைந்த பின்னரும், உரிய விலையைச் செலுத்தினால், அங்கிருந்தே இன்னொருமுறை எழும். அதன்பின் ஆட்டத்தை விட்டே அகலும். ஆகவே இத்தொகுதியில் இடுகாடு என்பது இழப்பின் இடமாக மட்டும் இல்லை. இதனைக் கண்டுகொண்ட சிலர், சீட்டுகளைத் தம் நூலகத்திலிருந்து தாமே இடுகாட்டில் கொட்டத் தொடங்கினர்.

அவர்கள் நம்பிய சீட்டு ‘ஸ்பைடர் ஸ்பானிங்’, அதாவது சிலந்திப் பெருக்கம். ஐந்து அலகு ஆற்றல் செலவிட்டு இதனை ஏவினால், நம் இடுகாட்டில் எத்தனை உயிரினச் சீட்டுகள் உள்ளனவோ அத்தனை சிலந்திகள் தோன்றும். ஒவ்வொன்றின் தாக்கும் வலிமை 1, தாங்கும் வலிமை 2. பறந்துவரும் எதிரியையும் தடுக்க வல்லவை. பின்னர் ஏழு அலகு செலுத்தினால் இடுகாட்டிலிருந்து மீண்டும் ஒருமுறை. பத்து உயிரினங்கள் மடிந்து கிடந்தால் முதலில் பத்துச் சிலந்திகள், அடுத்துப் பத்து, ஆக இருபது! சாதாரணக் கட்டில் பத்து உயிரினங்கள் மடிவதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். எனவேதான் மற்றவர்கள் இச்சீட்டைக் கண்டும் காணாமல் கடந்தனர்.

இடுகாட்டை விரைந்து நிரப்பும் துணைகள் எளியவை. ‘ஆர்மர்ட் ஸ்காப்’ என்னும் கவசப் பிணம் களத்திற்கு வரும்போதே நூலகத்தின் மேல் நான்கு சீட்டுகளை இடுகாட்டில் தள்ளும். ‘டிரேஞ்ட் அசிஸ்டன்ட்’ என்னும் சித்தம் கலங்கிய உதவியாளன் ஆற்றல் தரும்போதெல்லாம் ஒரு சீட்டைத் தள்ளுவான். ‘நா டு தி போன்’ என்னும் மந்திரமோ, இடுகாட்டிலுள்ள உயிரினம் ஒவ்வொன்றிற்கும் இரண்டு உயிர்ப்புள்ளிகள் அளிப்பது. பத்துக்கு இருபது, மீண்டும் ஏவினால் இன்னும் இருபது. உயிர்ப்புள்ளி கூடுவதால் மட்டும் வெற்றி வாராது என்பது ஆட்டக்காரர் பலரின் எண்ணம். ஆகையால் இது கடைசிக் கைவரை சுற்றி வந்தது.

தன் நூலகத்தைத் தானே அழிப்பவன், முன்சொன்ன விதிப்படி, தன் தோல்வியையும் விரைவுபடுத்துகிறான் அல்லவா? முதற்கை ஏழு போக எஞ்சுவன 33 சீட்டுகளே. அதற்கு மருந்து ‘மெமரீஸ் ஜர்னி’. இடுகாட்டிலிருந்து மூன்று சீட்டுகள்வரை நூலகத்தில் மீளச் சேர்க்கும் இம்மந்திரத்திற்கும் இரண்டாம் பிறவி உண்டு. ஆட்டத்தை விட்டு அகன்ற ஃபிளாஷ்பேக் சீட்டு ஒன்றைக் கைக்கு மீட்டுத் தரும் ‘ரூனிக் ரெபெடிஷன்’ என்பதையும் இதனோடு இணைத்தால், ஒன்று மற்றொன்றை மீட்க, அது இதனை நூலகத்தில் சேர்க்க, சிலந்திகளை முடிவின்றிப் படைத்துக்கொண்டே இருக்கலாம். இவ்விரு சீட்டுகளையும் தனித்தனியே காண்பவர்க்கு இவற்றால் என்ன பயன் என்றே விளங்காது.

ஆயினும் என்னை வியக்கவைப்பது சிலந்திக் கூட்டமன்று. மேசையைச் சுற்றி நிகழும் கணக்கு. 15 சீட்டுகள் கொண்ட உறையை நான் பிரித்து ஒன்றை எடுத்தால், எண்மர் கையும் பட்டு அது ஏழு சீட்டுகளோடு என்னிடமே திரும்பும். முதலில் கண்டதை ஒன்பதாம் முறையும் காண்கிறேன். அந்த உறையில் எல்லாரும் விரும்பும் ஒரு சீட்டும் நான் மட்டுமே விரும்பும் ஒரு சீட்டும் இருந்தால் எதனை முதலில் எடுப்பது? தனக்கு மிக வேண்டியதையன்றோ எடுப்போம்? சிலந்தி வழியினர் அதனை விட்டுவைத்து, பிறர் விரும்புவதை முதலில் எடுத்தனர். தமக்குரியது ஒன்பதாம் கையில் காத்திருக்கும் என்று நம்பினர். இவ்வாறு ஒரே உறையிலிருந்து இரண்டு நற்சீட்டுகள் கிட்டின. மற்றவர்க்கோ அந்த ஒன்பதாம் கை பெரும்பாலும் வெறுங்கை. ரம்மியில் எதிரி கழித்த சீட்டை எடுத்தால் நம் நோக்கம் வெளிப்பட்டுவிடும். டிராஃப்டில் எடுத்த சீட்டு கவிழ்ந்தே கிடக்கும். நாம் எதனை விட்டோம் என்பதைக் கொண்டே அடுத்திருப்பவர் நம்மை ஊகிக்கிறார்.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. சிலந்திகள் பெருக ஐந்து, ஏழு அலகு ஆற்றல் சேர வேண்டும். அதற்குள் பாய்ந்துவரும் பகைவன் கதையை முடித்துவிடக்கூடும். அவ்வாண்டுத் தொகுதியில் பச்சையும் வெள்ளையும் கலந்த கட்டுகள் ‘டிராவல் பிரிபரேஷன்ஸ்’ என்னும் மந்திரத்தால் அத்தகைய வேகம் பெற்றிருந்தன. 2012 பிப்ரவரியில் ‘டார்க் அசென்ஷன்’ என்னும் அடுத்த தொகுதி வந்ததும், மூன்று உறைகளுள் ஒன்று அதற்குரியதாயிற்று; சிலந்தியைத் தேடும் இடம் மூன்றில் இரண்டாகச் சுருங்கியது.

இவற்றினும் பெரிய இடர் புகழே. முறையின் திறம் ஆட்டக்காரர்களிடையே பரவியபின், ஒரே மேசையில் இருவர், மூவர் கவசப் பிணத்திற்கும் உதவியாளனுக்கும் கை நீட்டினர். ஒருவர்க்குப் போதுமான துணைகளை இருவர் பகிர்ந்துகொண்டால் இருவர் இடுகாடும் நிரம்பாது. அத்தகைய மேசையில், விட்டுவைத்த சீட்டை எதிர்பார்த்து ஒன்பதாம் கையில் உறையைப் புரட்டுபவர், அது அங்கே இல்லாதிருப்பதைக் காண்பார். தேர்ந்த ஆட்டக்காரர் அந்தக் கணமே சிலந்தியைக் கைவிட்டு, பிறர் இப்போது எதனைத் தள்ளுகின்றனர் என்று பார்க்கத் தொடங்குவார்.