லேசர் பிரிண்டர் டிரம்மும் வெளிச்சமும்

புதிதாக லேசர் பிரிண்டர் வாங்குபவர்களிடம் நான் தவறாமல் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. கார்ட்ரிட்ஜைக் கழற்றினால் அதை வெயிலில் வைக்காதீர்கள். காரணம், அதற்குள் (சில மாடல்களில் தனியாக) இருக்கும் டிரம்.

டிரம் என்பது ஓர் அலுமினிய உருளை. ஒளி பட்டால் எலெக்ட்ரானை இழக்கும் மூலக்கூறுகள் அதன்மேல் மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். பிரிண்ட் கட்டளை கொடுத்தவுடன் பெரும்பாலான பிரிண்டர்களில் டிரம்மின் மேற்பரப்பில் பல நூறு வோல்ட் நெகடிவ் மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. இருட்டில் அது அப்படியே நிற்கும்.

அடுத்து, எழுத்து வரவேண்டிய இடங்களை மட்டும் லேசர் கதிர் புள்ளி புள்ளியாகத் தொடுகிறது. 600 டிபிஐ பிரிண்டர் என்றால் ஓர் அங்குலத்தில் 600 புள்ளிகள். ஒன்றுக்கு சுமார் 0.042 மி.மீ. இடம்தான்! ஒளி பட்ட மூலக்கூறில் எலெக்ட்ரான் ஆற்றல் பெற்று விலகி, அலுமினியத்திற்குப் போய்விடும். இழந்த மூலக்கூறு பக்கத்து மூலக்கூறிடம் ஓர் எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். அது அடுத்ததிடம் வாங்கும். இப்படிக் கைமாறிக் கைமாறி, கடைசியில் மேற்பரப்பின் நெகடிவ் மின்னூட்டம் அந்தப் புள்ளியில் தீர்ந்துவிடும். நெகடிவ் மின்னூட்டம் கொண்ட டோனர் தூள் அங்கேதான் ஒட்டும். மற்ற இடங்கள் அதை விலக்கித் தள்ளும். பிறகு தூள் தாளுக்கு மாறி, சூட்டில் உருகிப் பதிகிறது.

இந்தப் படலத்தில் வெயில் பலமாகப் பட்டால், அந்த இடம் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் திறனை இழக்கும். தாளில் கறுப்புத் திட்டுகள் விழும். எனவே கழற்றிய கார்ட்ரிட்ஜை உடனே கறுப்புக் கவரில் போடுங்கள், அல்லது தடித்த துணியால் மூடி வையுங்கள்.