பிறந்த தேதியில் இருக்கிறது நாடு

கர்நாடக மலைக்காட்டில் பிறந்த திபெத்தியர்கள் இந்தியப் பிரஜைகளா, அகதிகளா? பதில், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பார்க்கும் ஒரு தேதியில்.

ராமாபுரம் என்றதும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு சம்பவம்தான். 1992 மே மாதம் வீரப்பன் கும்பல் அந்த ஊர்ப் போலீஸ் நிலையத்துக்குள் புகுந்து ஐந்து போலீஸ்காரர்களைக் கொன்றுவிட்டுத் துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு போனது. அன்று அது மைசூர் மாவட்டம். 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது ராமாபுரமும் அதோடு போய்விட்டது. கன்னடமும் தமிழும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும் எல்லைப் பிரதேசம்.

அதே மலைத்தொடரின் இன்னொரு பக்கம், கொள்ளேகாலிலிருந்து ஹாசனூர் வழியாக சத்தியமங்கலத்துக்கு இறங்கும் சாலையில், ஒடெயரபாளையத்தைத் தாண்டியதும் காட்சி மாறுகிறது. மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே நிறம் வெளுத்த பிரார்த்தனைக் கொடிகள். கருஞ்சிவப்பு அங்கி போர்த்திய பிட்சுகள். தொண்டென்லிங் என்று பெயர். 1974-ல் காட்டைத் திருத்தி அமைக்கப்பட்ட திபெத்திய அகதிகள் குடியேற்றம். மைசூர்ப் பக்கம் பைலகுப்பே, ஹுன்சூர், வடக்கே முண்டகோடு என்று கர்நாடகத்தில் இருக்கும் குடியேற்றங்களில் இதுவும் ஒன்று. குளிர்காலம் வந்தால் நம் ஊர் பஸ் நிலையத்தருகே ஸ்வெட்டர் கடை போடுகிறார்களே, அவர்களில் பலர் இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து வருகிறவர்கள்தான்.

இங்கே பிறந்தவர்களில் பெரும்பாலோர் திபெத்தைப் பார்த்ததில்லை. ரேஷன் கடை, அரசு பஸ், யானை மேயும் சோளக் கொல்லை என்று எல்லாம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு எப்படியோ அப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம், பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கும் பதிவுச் சான்றிதழ். ஆர்.சி. என்றால் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டவர் என்று அரசு எழுதிக் கொடுத்த காகிதம் அது. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியிருந்ததை 2012-ல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று தளர்த்தினார்கள். ஸ்வெட்டர் விற்க வெளியூர் போனால் போலீசுக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வெளிநாடு போக பாஸ்போர்ட் கிடையாது. அதற்குப் பதில் மஞ்சள் அட்டை போட்ட ஓர் அடையாளச் சான்றிதழ். பல நாட்டு விமான நிலையங்களில் அதைப் பார்க்கும் அதிகாரி முதலில் செய்வது, தன் மேலதிகாரியைக் கூப்பிடுவது.

வேடிக்கை என்னவென்றால், இவர்களில் பலர் பிறந்த நிமிஷத்திலேயே இந்தியப் பிரஜைகள். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அரசு அலுவலகங்கள்தான் வெகுகாலம் வரை சொல்லவில்லை.

1955-ம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு தாராளமானது. 1950 ஜனவரி 26-க்குப் பிறகு இந்திய மண்ணில் பிறந்த எந்தக் குழந்தையும் இந்தியக் குழந்தை. அப்பா யார், அம்மா எங்கிருந்து வந்தாள் என்ற கேள்வியே இல்லை. வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போல ஒரு சிலருக்கு மட்டும்தான் விலக்கு. இந்தக் கதவு 1987 ஜூலை 1-ந் தேதி பாதி சாத்தப்பட்டது. அன்று முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும் என்றது திருத்தம். பங்களாதேஷிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சில ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் ஆட்கள் ரகசியமாக வந்து சேருகிறார்கள் என்பது திருத்தத்துக்கு அரசு சொன்ன காரணம். திபெத்தியர்களை மனதில் வைத்துப் பின்னிய வலை அல்ல. ஆனால் மாட்டிக்கொண்டவர்களில் அவர்களும் உண்டு. 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகியது. பெற்றோரில் ஒருவர் பிரஜை, மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்றால் குழந்தை இந்தியர் இல்லை.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள ஒரு வீட்டைக் கற்பனை செய்தால் போதும். அப்பாவும் அம்மாவும் லாசா பக்கம் பிறந்து, சிறு வயதில் மலை தாண்டி வந்தவர்கள். மூத்த பெண் 1986-ல் பிறக்கிறாள். தம்பி 1988-ல். அதே வீடு, அதே மருத்துவச்சி, அதே பள்ளிக்கூடம். அக்கா இந்தியப் பிரஜை, தம்பி வெளிநாட்டவன். அக்காவுக்கு 2004-க்கு முன் பிறந்த குழந்தை இருந்தால் அதுவும் இந்தியன். அந்தக் குழந்தையைத் தோளில் தூக்கி வளர்த்த தாய்மாமனுக்கு ஆர்.சி.தான்.

சரி, அக்காவுக்காவது எளிதாகக் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை.

அமெரிக்கா மாதிரி நாடுகளில் குடியுரிமைக்கு ஒரு நேர்முகம் உண்டு. எதிரே அதிகாரி உட்கார்ந்து கேள்வி கேட்பார். இந்தியாவில் பிறப்பால் பிரஜையானவருக்கு அப்படி ஒரு நேர்முகமே தேவையில்லை. இருந்தும் திபெத்தியர்களுக்கு ஒன்று நடந்தது. பாஸ்போர்ட் அலுவலக மேசையில், போலீஸ் விசாரணையில், பெரும்பாலும் கேள்வியாகக்கூட அல்லாமல், உள்துறைக்கு எழுதிக் கேட்கிறோம் என்ற பதிலாக. உரசல் எப்போதும் ஒரே இடத்தில்தான்: மஞ்சள் புத்தகத்துக்கு மனுப் போட்டபோது திபெத்தியர் என்று எழுதிக் கொடுத்தவர் இப்போது இந்தியர் என்று எப்படிச் சொல்லலாம்?

பாமரத்தனமாகக் கேட்டால் நியாயமான கேள்விதான். டில்லி ஹைகோர்ட்டில் அது அடிபட்டுப் போனது. 1986-ல் இமாசலப் பிரதேசத்தில் பிறந்த நம்க்யால் டோல்கர் என்ற பெண் தொடுத்த வழக்கில் 2010 டிசம்பர் 22-ந் தேதி தீர்ப்பு வந்தது. சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கிய நீதிபதி எஸ். முரளிதர்தான் அதை எழுதினார். வேறு வழியில்லாமல் வாங்கிய அகதிச் சான்றிதழில் திபெத்தியர் என்று இருப்பதால் மட்டும் பிறப்பால் வந்த குடியுரிமை போய்விடாது, துறக்க வேண்டுமென்றால் அதற்குச் சட்டத்தில் தனி முறை இருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம்.

ஒருவருக்குக் கிடைத்த தீர்ப்பு எல்லோருக்கும் பொருந்தாதா? பொருந்தும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இந்திய நிர்வாகம் அப்படி நினைக்கவில்லை. முண்டகோடு மடாலயத்தில் படித்த லிங் ரின்போச்சே, 1985-ல் இந்தியாவில் பிறந்தவர், அதே உரிமைக்காக கர்நாடக ஹைகோர்ட்டின் படி ஏற வேண்டியிருந்தது. 2013 ஆகஸ்டில் அவருக்கும் சாதகமான தீர்ப்பு. 2014 பிப்ரவரியில் தேர்தல் கமிஷன், 1950-க்கும் 1987-க்கும் இடையில் பிறந்த திபெத்தியர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. ஆக, ஓட்டுப் போடலாம், பாஸ்போர்ட்டுக்கு மட்டும் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்ற விசித்திரம் கொஞ்ச காலம் நீடித்தது. 2016 செப்டம்பரில் டில்லி ஹைகோர்ட் மறுபடியும், இம்முறை தகுதியுள்ள எல்லாத் திபெத்தியர்களையும் மனதில் வைத்து, அதே தீர்ப்பைச் சொன்ன பிறகுதான் வெளியுறவுத் துறை பாஸ்போர்ட் அலுவலகங்களுக்கு 2017 மார்ச்சில் சுற்றறிக்கை அனுப்பியது.

அத்தோடு முடிந்ததா? சில மாதங்களில் நிபந்தனைகள் வந்தன. ஆர்.சி.யையும் மஞ்சள் புத்தகத்தையும் திருப்பிக் கொடுத்து ரத்து செய்ய வேண்டும். திபெத்தியக் குடியேற்றத்துக்குள் வசிக்கக் கூடாது. தர்மசாலா நிர்வாகம் தரும் உதவிகளும், அகதி என்ற முறையில் கிடைத்த சலுகைகளும் இனி இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதலும் கடைசியும் புரிகின்றன. இந்தியர் என்றால் அகதிச் சலுகை எதற்கு என்று அரசு கேட்பதில் தப்பில்லை. நடுவில் இருப்பதுதான் குத்துகிறது. பாஸ்போர்ட் வாங்க வேண்டுமானால் பிறந்த வீட்டை விட்டுப் போ என்று வேறு எந்த இந்தியனிடமும் யாரும் சொன்னதில்லை. குடியேற்றத்து நிலம் தனியார் சொத்து அல்ல. அரசு குத்தகைக்குக் கொடுத்தது. வீடும் அதன் மேல்தான். அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு அக்கா மட்டும் கொள்ளேகாலிலோ பெங்களூரிலோ வாடகைக்குப் போக வேண்டும். அதனால்தான் தகுதி இருந்தும் பலர் மனுவே போடாமல் இருக்கிறார்கள்.

தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அவர்கள் அவ்வளவு சத்தமாகப் பேசுவதில்லை. எல்லோரும் இந்தியர்களாகிவிட்டால் திபெத்துக்காகக் குரல் கொடுக்க யார் மிச்சம்? நாடு இல்லாதவர் என்ற நிலைதான் அந்தப் போராட்டத்தின் சாட்சி என்று நினைக்கிற முதியவர்களும் உண்டு, அது தங்களைக் கட்டிப்போட்ட கயிறு என்று நினைக்கிற இளைஞர்களும் உண்டு. தர்மசாலா நிர்வாகம் அதை அவரவர் முடிவு என்று விட்டுவிட்டது.

விட்டது யாரையும் தடுத்து நிறுத்தவில்லை. தர்மசாலா நிர்வாகம் 2009-ல் எடுத்த கணக்கில் இந்தியாவிலிருந்த திபெத்தியர்கள் 94,203 பேர். அதன் பிறகு எண்ணிக்கை இறங்குமுகம்தான். 1990-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தியாவிலும் நேபாளத்திலும் இருந்த திபெத்தியர்களுக்காக 1,000 விசா ஒதுக்கியதிலிருந்து தொடங்கிய பயணம் அது. போனவர்கள் குடும்பங்களையும் அழைத்துக்கொண்டார்கள்.

அங்கே ஐந்து வருஷம் நிரந்தரவாசியாக இருந்தால் குடியுரிமைக்கு மனுப் போடலாம். நேர்முகத்தில் அதிகாரி கேட்பது ரகசியமே அல்ல. 2008 முதல் நடந்த முறையில், 100 கேள்விகளை அரசே அச்சிட்டுக் கொடுக்கும். அதில் பத்து கேட்டு ஆறு சரியானால் தேர்ச்சி. 2025 அக்டோபர் 20-க்குப் பிறகு மனுப் போட்டவர்களுக்கு 128 கேள்விகள், இருபது கேட்டு பன்னிரண்டு. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் படிக்க, ஒன்று எழுத வேண்டும். ஐம்பது வயதைக் கடந்து இருபது வருஷம் அங்கே நிரந்தரவாசியாக இருந்தவர்களுக்கு ஆங்கிலத்திலிருந்து விலக்கு. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு திபெத்திய மொழியில் பதில் சொல்லலாம், நம் ஊர்ப் பாட்டிகள் தமிழில் சொல்லலாம். பாடம் படித்துப் பாஸாகிற விஷயம். பிறந்த தேதியைத் திருத்த முடியாது, கேள்வி-பதிலை மனப்பாடம் செய்ய முடியும்.

ஆனால் அப்படி அமெரிக்கரானவர் அம்மாவைப் பார்க்கக் கொள்ளேகால் மலைக்குத் திரும்பும்போது புதிய சிக்கல். திபெத்தியக் குடியேற்றங்கள் வெளிநாட்டவர் அனுமதியின்றி நுழையக் கூடாத பாதுகாக்கப்பட்ட பகுதிகள். தான் தவழ்ந்த திண்ணையில் தங்க உள்துறையின் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

இந்தியாவிலும் தம்பிக்கு ஒரு வழி காகிதத்தில் இருக்கிறது. இயற்கைவயமாதல் என்று சட்டம் சொல்லும் 6-வது பிரிவு. பன்னிரண்டு வருஷ வாசம், நன்னடத்தைக்கு சாட்சி, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஒரு மொழியில் போதிய அறிவு. திபெத்திய மொழி அந்த அட்டவணையில் இல்லை. கன்னடம் இருக்கிறது, தமிழ் இருக்கிறது. சோளத்தை விலை பேசி விற்றுப் பழகிய தம்பிக்கு மொழித் தேர்வு பெரிய விஷயமாக இருக்காது. மனு கலெக்டர், மாநில அரசு, மத்திய உள்துறை என்று மூன்று மேசை தாண்ட வேண்டும் என்பதுதான் விஷயம். கடைசி மேசையில் முடிவு அரசின் விருப்பம். உரிமை என்று கேட்டு வாங்க முடியாது.

இந்தத் தேதிக் கணக்கு தமிழர்களுக்குப் புதிதல்ல. 1986-ல் மண்டபம் முகாமில் இலங்கை அகதிகளுக்குப் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அதே 3-வது பிரிவு, அதே 1987 ஜூலை 1. மதுரை ஹைகோர்ட் கிளை 2022 ஆகஸ்டில் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 ஏப்ரல் 19-ந் தேதி அவர் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். ஆண்டுக்கணக்கில் முகாம் பெயர்ப் பதிவுக்கு வரிசையில் நின்றவர் வாக்குச் சாவடி வரிசையில் நின்றது செய்தியானது. அதே முகாமில் அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் பற்றி எழுத அன்று செய்தி எதுவும் இருக்கவில்லை.

தேதியே எல்லாம் என்றால் தேதிக்கு ஆதாரம் வேண்டும். குடியேற்றத்தின் ஆரம்ப வருஷங்களில் பிரசவம் பல வீட்டோடு முடிந்தது. பிறந்த நாளைவிட லோசார் என்னும் புத்தாண்டுக்கு வயதைக் கூட்டிக்கொள்ளும் வழக்கமுள்ள சமூகம். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் ஒரு தேதியைப் போட்டுக்கொண்டது நம் கிராமங்களில் நடந்தது போலத்தான். நம் கிராமத்தில் அதனால் பென்ஷன் இரண்டு வருஷம் முன்பின் ஆகும், அவ்வளவுதான். இங்கே ஜூன் மாதம் என்று எழுதியிருந்தால் ஒரு நாடு, ஜூலை என்று எழுதியிருந்தால் வேறு கதி. ஒரு வருஷம் தாண்டிவிட்ட பிறப்பைப் பதிவு செய்ய 1969-ம் வருஷச் சட்டப்படி மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பின் அந்த அதிகாரம் மாவட்ட நிர்வாகத்திடம் வந்திருக்கிறது. ஆக, முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் பார்த்த பிரசவத்துக்கு இன்று சாட்சி தேட வேண்டும். மருத்துவச்சி உயிரோடு இருந்தால் உண்டு.

2025 செப்டம்பரில் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் பற்றிய புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி வந்த விலக்கு ஆணையில், பதிவு செய்துகொண்டு இந்தியாவில் தங்கியிருக்கும் திபெத்தியர்களும், 2015 ஜனவரி 9 வரை அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாததற்காக அவர்கள் மீது வழக்குப் போட மாட்டார்கள். குடியுரிமை பற்றி அந்த ஆணையில் ஒரு சொல் இல்லை. தம்பியின் ஆர்.சி.க்கு ஐந்து வருஷம் முடிந்ததும் புதிய போட்டோவோடு மறுபடி போக வேண்டும்.