அழகர் ஏன் வருஷா வருஷம் லேட்டாக வருகிறார்?

சித்திரை மாசம் பொறந்தா எங்க ஹாஸ்டலில் ஒரு கேள்வி கண்டிப்பா வரும். வெளியூர் பசங்கதான் கேட்பாங்க. போன தடவை கேட்டவன் என் ரூம்மேட், கோயம்புத்தூர்க்காரன். "டேய், தங்கச்சி கல்யாணத்துக்கு வர்ற அண்ணன் எப்பவும் லேட்டாவே வர்றாரே, ஒரு நாள் முன்னாடி கெளம்பினா என்னடா?"

எல்லாரும் சிரிச்சோம். ஆனா பதில் தெரியல. பொறந்ததுல இருந்து மதுரையில இருக்கேன், அப்பா தோள்ல உக்காந்து அழகரைப் பார்த்திருக்கேன், ஆனா இதை யோசிச்சதே இல்லை. அப்புறம் கொஞ்சம் படித்தேன், அப்பத்தாவிடமும் கேட்டேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊரே சொல்லும் கதை. மீனாட்சிக்கும் சொக்கநாதருக்கும் கல்யாணம். அண்ணன் அழகர், மதுரைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அழகர்மலையில் இருந்து சீர்வரிசையோடு கிளம்புகிறார். வழியெல்லாம் மண்டகப்படி, வழியெல்லாம் சனம். வைகைக்கு வந்து சேரும்போது "கல்யாணம் முடிஞ்சு போச்சு" என்று சேதி வருகிறது. கோபம் வந்துவிடுகிறது. ஊருக்குள் போகாமல், ஆற்றோடு அப்படியே வண்டியூர் பக்கம் திரும்பிவிடுகிறார்.

இப்ப காலண்டரைப் பார்ப்போம். 2024இல் மீனாட்சி திருக்கல்யாணம் ஏப்ரல் 21 காலையில் நடந்தது. அழகர் மலையை விட்டுக் கிளம்பியதே அன்று மாலைதான்! 22ஆம் தேதி எதிர்சேவை, 23ஆம் தேதி விடியற்காலை ஆற்றில் இறங்கினார். அதாவது தாலி கட்டி முடித்த பிறகுதான் அண்ணன் வீட்டை விட்டே புறப்படுகிறார். இன்னொரு விஷயம், கல்யாணத்தில் மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுக்கும் பெருமாளும் அழகர் இல்லை. திருப்பரங்குன்றத்தில் இருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள்.

அப்ப அழகர் எதற்குத்தான் வருகிறார்? கோயில் சொல்லும் காரணம் வேறு. சுதபஸ் என்ற முனிவர் தவத்தில் இருந்தபோது துர்வாசர் வந்ததைக் கவனிக்கவில்லை. 'தவளையாகப் போ' என்று துர்வாசர் சாபம் கொடுத்துவிட்டார். அந்த மண்டூக முனிவருக்கு வைகைக் கரையில் சாபம் தீர்க்கத்தான் அழகர் வருகிறார். ஆற்றில் இறங்கிய மறுநாள் தேனூர் மண்டபத்தில் இந்தச் சடங்கு இன்றும் நடக்கிறது. இந்தக் கதையில் கல்யாணமும் இல்லை, கோபமும் இல்லை.

விடை அந்த மண்டபத்தின் பெயரிலேயே இருக்கிறது. தேனூர், மதுரைக்கு மேற்கே வைகைக் கரையில் உள்ள ஊர். பழைய காலத்தில் அழகர் அங்கேதான் ஆற்றில் இறங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மீனாட்சி கல்யாணம் அப்போது மாசி மாதத்தில் நடந்ததாம். இது ஒரு சைவ விழா, அது ஒரு வைணவ விழா. திருமலை நாயக்கர் காலத்தில் (1623–1659) இரண்டும் சித்திரையில், மதுரையில், அடுத்தடுத்து நடக்கும்படி சேர்க்கப்பட்டன என்கிறார்கள். அறுவடை முடிந்து சம்சாரிகள் கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருக்கும் மாதம் அது.

இதற்குத் தடயம் தேடி ஆர்க்கியாலஜி டிபார்ட்மெண்டுக்குப் போக வேண்டாம். மேலமாசி வீதிக்குப் போனால் போதும். சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவது சித்திரை வீதியில் இல்லை, மாசி வீதிகளில்!

சரி, ராஜா சேர்த்தது தேதியை. உறவைச் சேர்த்தது யார்? சனங்கதான். ரெண்டு சாமி ஒரே வாரத்தில் ஒரே ஊருக்கு வருது, ஒண்ணை ஒண்ணு பார்க்காமலே போகுது, ஏன் என்று ஒரு கேள்வி எழுந்திருக்கும். அதற்கு அவர்கள் தங்கள் வீட்டிலேயே பதில் எடுத்தார்கள். முகூர்த்தத்துக்குத் தன்னை விட்டுவிட்டார்கள் என்று முறுக்கிக்கொண்டு பந்தியில் உட்காராமல் போன ஒரு மாமா நம்ம எல்லார் குடும்பத்திலும் இருப்பாரே? அழகர் அந்த மாமா. சிவன் பெரியவரா விஷ்ணு பெரியவரா என்று பண்டிதர்கள் எவ்வளவோ வாதம் பண்ணியிருக்கிறார்கள். மதுரைக்காரன் 'ரெண்டு பேரும் மாப்பிள்ளை மச்சான்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். வண்டியூரில் பெருமாள் கோயிலில் தங்கும் இரவை, துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போகிறார் என்று சொல்லி இஸ்லாமியர்களையும் அந்தச் சொந்தத்தில் சேர்த்துக்கொண்டான்.

அழகர் வரும் கோலத்தையும் கவனியுங்கள். மலையில் பெருமாள், வழியில் கள்ளர். கொண்டை, கையில் வளைதடி என்று கள்ளர் வேடத்தில்தான் புறப்படுகிறார். கிளம்பும் முன் வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் உத்தரவு. அங்கே சிலை கிடையாது, சந்தனம் பூசிய கதவுதான் சாமி. அழகர் போட்டுப்போகும் நகைகளின் பட்டியல் கருப்பன் முன்னால் வாசிக்கப்படும், திரும்பி வந்ததும் சரிபார்க்கப்படும். பெருமாளுக்கே ஆடிட்டர் கருப்பன்! கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் என ஒவ்வொரு சமூகத்துக்கும் இந்தக் கோயிலோடு இருக்கும் உறவை அறிய வேண்டுமானால் தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' ஆய்வைப் படியுங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட நூல்.

இங்கே எனக்குத் தோன்றிய ஒன்றையும் சொல்கிறேன். மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களும் நாடார்களும் நுழைய முடிந்தது 1939 ஜூலை 8க்குப் பிறகுதான். வைத்தியநாத ஐயர் தலைமையில் நடந்த ஆலயப் பிரவேசம் அது. அதற்கு முன்னால் பல தலைமுறைகள், மதுரையில் திருவிழா பார்க்க மாட்டுவண்டி கட்டி வந்து, தங்கச்சி கல்யாணத்தை வாசலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் கண்ணால் பார்த்த சாமி, திறந்த ஆற்றில் குதிரை மேல் நின்றவர். அண்ணனும் கோயிலுக்குள் போகவில்லை என்ற கதை அவர்கள் காதில் வேறு மாதிரி கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

2020இலும் 2021இலும் கொரோனாவால் அழகர் மதுரைக்கு வரவில்லை. சடங்குகள் மலையிலேயே, கோயில் வளாகத்துக்குள் நடந்தன. டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அப்பத்தா கும்பிடவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "அது கோயிலுக்குள்ள இருக்குற பெருமாளுப்பா. வெயிலுல நம்மள மாதிரி நடந்து வந்தாத்தேன் அழகரு" என்றது.

2022இல் மறுபடி வந்தார். ரெண்டு வருஷ ஏக்கத்தோடு வந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஏப்ரல் 16 அன்று இரண்டு பேர் இறந்துபோனார்கள். சொந்தக்காரரைப் பார்க்க வந்தவர்கள். எல்லாருக்கும் பொதுவான இடம் என்று ஆற்றைத் தேர்ந்த திருவிழாவில், அந்த ஆறு எந்த நிலையில் இருக்கிறது, கரையில் எத்தனை பேர் நிற்க முடியும் என்பதெல்லாம் பக்திக்குச் சம்பந்தமில்லாத விஷயமா? விழாவுக்காக வைகை அணையைத் திறந்து தண்ணீர் விடுகிறார்கள். அது வடிந்த பிறகு பாலத்தில் நின்று கீழே பார்த்தால் தெரியும், ஓடுவது சாக்கடை. சிவில்காரங்க, கம்ப்யூட்டர்காரங்க, நம்மகிட்ட இதுக்கெல்லாம் ப்ராஜெக்ட் ஐடியா இருக்கணுமே?

ரூம்மேட்டுக்கு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப லேட்டா வர்றது டைம்டேபிள் பிரச்சினை, கோவிச்சுக்கிறதுதான் நெஜமா?" என்றான்.

ஆமான்னுதான் சொன்னேன். வர்ற சித்திரைக்கு அவன் எங்க வீட்டுக்கு வர்றான். எதிர்சேவை அன்னைக்கு ராத்திரி தல்லாகுளத்தில் நிற்போம். செம்பு நிறைய நாட்டுச்சர்க்கரை, மேலே சூடம். அப்பத்தா இப்பவே செம்பைத் தேய்ச்சு வச்சிருச்சு.