கொழுப்பு எல்லாம் ஒன்றுதானா?

உடல் பருமனானவர்களிடம் எண்ணெயைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். “நான் எண்ணெயைத் தொடுவதே இல்லை” என்பது ஒன்று. “தாத்தா பாட்டி காலத்திலிருந்து தேங்காய்ப் பாலும் நெய்யும்தானே, அவர்களுக்கு என்ன வந்தது?” என்பது மற்றொன்று. இரண்டிலுமே பாதி உண்மைதான் இருக்கிறது. தோட்டத்தில் நாள் முழுவதும் உழைத்த உடம்பும் நாற்காலியில் அமர்ந்தே பொழுதைக் கழிக்கும் உடம்பும் ஒன்றல்லவே!

மலேசியாவில் 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். இவர்கள் கவனிக்க வேண்டியது எடை காட்டும் எண்ணை மட்டுமல்ல. கொழுப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும்தான்.

தோலுக்கடியில் உள்ள கொழுப்புத் திசு ஒரு கிடங்கு. அது நிறைந்து வழியும்போது கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் கலந்து கல்லீரலிலும் தசையிலும் தங்கிவிடுகின்றன. கல்லீரலில் கொழுப்பு மிகுந்தால் இன்சுலின் சொல் அங்கே எடுபடாது. வயிறு காலியாக இருக்கும் வேளையிலும் கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். டிரைகிளிசரைடு அளவும் ஏறும். நீரிழிவு நுழையும் வாசல் இதுதான்.

எந்தக் கொழுப்பு கல்லீரலை அதிகம் நாடுகிறது? பின்லாந்து ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட சோதனை இதற்குத் தெளிவான விடை தருகிறது. அதிக எடையுள்ள 38 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, வழக்கமான உணவுக்கு மேல் நாளொன்றுக்கு 1,000 கலோரியை மூன்று வாரங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். முதல் குழுவுக்குத் தேங்காய் எண்ணெய், வெண்ணெய், பாலாடைக்கட்டி போன்ற நிறைவுற்ற கொழுப்பு. இரண்டாவது குழுவுக்கு ஒலிவ எண்ணெய், கொட்டைகள் போன்ற நிறைவுறாக் கொழுப்பு. மூன்றாவது குழுவுக்கு இனிப்புப் பானங்களும் மிட்டாயும். கலோரி ஒன்றே. ஆனால் கல்லீரல் கொழுப்பு முதல் குழுவில் 55 விழுக்காடு கூடியது, இரண்டாவதில் 15, மூன்றாவதில் 33. இன்சுலினின் வேலையைத் தடுக்கும் செராமைடு என்ற பொருளும் முதல் குழுவினரின் இரத்தத்தில் உயர்ந்தது.

இனி நம் சமையலறைக்கு வருவோம். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு; நெய்யில் பாதிக்கும் மேல்; செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி. சூரியகாந்தி, சோயா, கடலை எண்ணெய்களில் இது மிகக் குறைவு. காலையில் நாசி லெமாக், மாலையில் ரொட்டி சானாய், இரவில் தேங்காய்ப் பால் ஊற்றிய கறி என்று ஒரே நாளில் மூன்றும் சேர்ந்தால் கணக்கு எங்கே போகும்? உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியில், நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது.

அதற்காக எண்ணெயை மாற்றிவிட்டு வடையை இரட்டிப்பாக்கினால் பயன் இல்லை. ஐந்து நகரங்களில் 162 பேரிடம் மூன்று மாதம் நடத்தி, 2001இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நிறைவுற்ற கொழுப்பை உண்டவர்களுக்கு இன்சுலினின் திறன் 10 விழுக்காடு குறைந்தது. ஒலிவ எண்ணெயில் உள்ளது போன்ற கொழுப்பை உண்டவர்களுக்குக் குறையவில்லை. ஆனால் மொத்தக் கலோரியில் 37 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பாகவே உண்டவர்களிடம் இந்த நன்மை தென்படவில்லை. வகையும் முக்கியம், அளவும் முக்கியம்.

“எண்ணெயைத் தொடுவதில்லை” என்பவர்கள் தே தாரிக் கோப்பையையும் எட்டிப் பார்க்கலாம். கடைகளில் ஊற்றப்படும் இனிப்புக் கிரீமர் பலவற்றில் சர்க்கரையோடு செம்பனை எண்ணெயும் கலந்தே இருக்கிறது. எண்ணெய்க்குப் பதில் சோற்றையும் சர்க்கரையையும் கூட்டினால், மூன்றாவது குழுவின் கதைதான்.

கெம்போங், மத்தி போன்ற மீன்களில் உள்ள ஒமேகா 3 டிரைகிளிசரைடைக் குறைக்க உதவும். பொரிப்பதைவிடக் குழம்பில் போடுவது நல்லது. கல்லீரல் கொழுப்புக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. எடை குறையத் தொடங்கினால் அதுவும் விரைவாகவே கரைகிறது. உடல் எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைத்தவர்களிடம் அது நன்றாகவே இறங்கியிருக்கிறது. நீரிழிவு மருந்து உட்கொள்பவர்கள் மட்டும், உணவைப் பெரிதாக மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம்.