எதிர்க்கட்சியின் ஐந்து ஆண்டுகள்

2021 பிப்ரவரி 23 அன்று, அப்போதைய துணை முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சட்டமன்றத்தில் இடைக்கால பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். 2022 மார்ச் முடிவில் தமிழக அரசின் கடன் 5.70 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என்று அந்த உரையிலேயே இருந்தது. எதிர்க்கட்சியான திமுக வெளிநடப்பு செய்தது. 18 நாட்கள் கழித்து, மார்ச் 13 அன்று, 505 வாக்குறுதிகளோடு அதன் தேர்தல் அறிக்கை வெளியானது. ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. ஆட்சி மாறியது. ஆகஸ்ட் 9 அன்று புதிய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையிலும் அதே 5.70 லட்சம் கோடிதான் தலைப்புச் செய்தி. அந்த ஆறு மாதங்களில், இந்தக் கடனை வைத்துக்கொண்டு 505 வாக்குறுதிகளை எப்படி நிறைவேற்றுவது என்ற கணக்கு மட்டும் வாக்காளர் கைக்கு வரவே இல்லை.

வெள்ளை அறிக்கை நல்ல வேலை. மின்வாரியமும் போக்குவரத்துக் கழகங்களும் எவ்வளவு நட்டத்தில் ஓடுகின்றன என்பதை ஒரே இடத்தில் அடுக்கிக் காட்டியது. ஆனால் அந்த வேலையின் பெரும்பகுதியைத் திமுக எதிர்க்கட்சியாக இருந்தபோதே செய்திருக்க முடியும். பட்ஜெட் ஆவணங்களும், கணக்குத் தணிக்கை அறிக்கைகளும், ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்புகளும் யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைப்பவைதான்.

அந்த 505 வாக்குறுதிகளில் ஒன்றான, குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்பது எனக்கு முழு உடன்பாடான திட்டம். வீட்டுக்குள் சம்பளமில்லாமல் நடக்கும் உழைப்பை ஓர் அரசு ஏற்றுக்கொண்டதே பெரிய விஷயம். ஆனால் குடும்ப அட்டைகள் இரண்டு கோடிக்கு மேல். அட்டைக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்றால் குறைந்தது 24,000 கோடி. கூட்டிப் பெருக்கிப் பார்த்தாலே தெரியும் இந்தக் கணக்கு மேடையில் சொல்லப்படவில்லை. 2023 செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியபோது சுமார் 1.06 கோடிப் பெண்களுக்குத்தான் பணம் போனது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனைகள் அந்த ஆண்டுதான் வந்தன. அந்த நிபந்தனைகள் நியாயமானவையாகவே இருக்கலாம். ஓட்டுக் கேட்கும்போதே சொல்லியிருந்தால், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பெண் ஏமாந்துபோனதாக நினைத்திருக்க மாட்டாள். 2021இல் திமுக இந்தத் தொகையை அறிவித்த மறுநாளே 1,500 ரூபாயும் ஆண்டுக்கு ஆறு சிலிண்டரும் என்று அறிவித்த அதிமுகவுக்கு, எதிர்க்கட்சியாக இருந்தோம் என்ற சாக்குகூடக் கிடையாது. பத்து ஆண்டுகளாக நிதித்துறை அவர்கள் கையில்தான் இருந்தது.

திமுகவின் அதே அறிக்கையில் இன்னொரு வாக்குறுதி, மாதம் ஒருமுறை மின் கணக்கீடு. நம் வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள். அன்றைய கட்டணத்தில், 500 யூனிட்டோடு நின்றால் பில் 1,130 ரூபாய். பத்து யூனிட் கூடினால், 100 யூனிட்டுக்கு மேல் ஓடியது அத்தனைக்கும் விகிதம் மாறி, பில் 1,800ஐத் தாண்டிவிடும். ஏ.சி. கூட இல்லாத வீட்டிலும் சித்திரை, வைகாசியில் இது நடக்கும். ஆகவே கோரிக்கையில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் ரீடிங் எடுக்க வேண்டுமென்றால் கணக்கீட்டாளர்கள் எத்தனை பேர் வேண்டும்? ஏற்கெனவே காலியாக இருக்கும் இடங்களை எப்போது நிரப்புவது? மக்களுக்குக் குறையும் பணம் மின்வாரியத்துக்குக் குறையும் வருமானம்தானே, அதை யார் ஈடுகட்டுவது? இந்தக் கேள்விகளுக்கு அரைப்பக்கம் பதில் எழுதியிருந்தால் அது கொள்கை. ஆட்சிக்கு வந்த பிறகு, ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்றார்கள். அரசு ஊழியர்களுக்கான பழைய ஓய்வூதியமும் இப்படித்தான். வாக்குறுதி 2021இல். அதை ஆராய அதிகாரிகள் குழு அமைக்கப்பட்டது 2025 பிப்ரவரியில்.

எதிர்க்கட்சியால் வேறென்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு 1967ஐத்தான் காட்டுவேன். அந்த ஆண்டு திமுகவின் அண்ணா ஆட்சிக்கு வந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று காரியங்கள் முடிந்தன. சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லுபடியானது. இருமொழிக் கொள்கைத் தீர்மானம் 1968 ஜனவரியில் நிறைவேறியது. 1969 ஜனவரியில் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் வந்தது. மூன்றுமே அவசரத்தில் எழுதப்பட்டவை அல்ல. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் சொன்ன நாள் முதல், எந்தச் சட்டத்தில் எந்த இடத்தில் திருத்த வேண்டும் என்பது இயக்கத்தினருக்குத் தெரிந்திருந்தது. பெயர் மாற்றத்துக்காகச் சங்கரலிங்கனார் 1956இல் உண்ணாவிரதமிருந்து உயிர்விட்டார். கோரிக்கை சட்டமன்றத்தில் தோற்றது. நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா எடுத்துவந்தபோதும் தோற்றது. ஒவ்வொரு தோல்வியிலும் எதிர்வாதம் என்ன என்று தெரிந்துகொண்டு, அதற்கான பதிலைத் தயார் செய்தார்கள்.

அதே 1967இல்தான் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற தேர்தல் வாக்குறுதியும் வந்தது. ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று அண்ணாவே அளவைக் குறைத்துச் சொன்னார். ஆட்சிக்கு வந்ததும் அந்த ஒரு படியைச் சென்னையிலும் கோவையிலும் போட்டார்கள். அதற்கு மேல் கஜானா இடம் கொடுக்கவில்லை. பஞ்சத்தில் அரிசிக்கு அலைந்த மக்களின் பசி உண்மை, அண்ணாவின் அக்கறையும் உண்மை. பத்தாண்டு விவாதத்தில் புடம்போட்ட திட்டங்கள் நின்றன, தேர்தல் நேரத்து அரிசிக் கணக்கு இரண்டு நகரங்களோடு நின்றது. ஒரே கட்சி, ஒரே தலைவர், ஒரே ஆண்டு.

இன்று அப்படிப்பட்ட விவாதம் நடக்க வேண்டிய இடம், சட்டமன்றத்தில் துறைகளின் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதம். பல ஆயிரம் கோடி ரூபாய்ச் செலவுள்ள துறைகளைப் பேசி முடிக்க ஒரே நாள். வெட்டுத் தீர்மானம் கொண்டுவர எதிர்க்கட்சிக்கு உரிமை உண்டு. ஆனால் பேசக் கிடைக்கும் சில நிமிடங்களில் தலைவருக்கு நன்றி, தொகுதிக்கு ஒரு கலைக் கல்லூரி, ஒரு துணை மின்நிலையம் என்று முடிந்துபோகிறது. நாடாளுமன்றத்தில் இருப்பதுபோலத் துறைவாரியாக நிலைக்குழுக்கள் இருந்தால், உறுப்பினர் ஒருவர் ஐந்தாண்டில் ஒரு துறையைக் கரைத்துக் குடித்துவிடலாம்.

வாக்குறுதிக்கான காரணமும், அதற்கு நிதி திரட்டும் வழியும் அறிக்கையில் இருக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம், 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, நடத்தை விதியிலேயே சேர்த்துவிட்டது. கட்சிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. நெதர்லாந்தில் 1986 முதல் அரசின் பொருளாதார ஆய்வு அமைப்பு கட்சிகளின் திட்டங்களுக்குச் செலவுக் கணக்கு போட்டு வெளியிடுகிறது. ஆஸ்திரேலியாவில் 2012 முதல் நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் இருக்கிறது. எதிர்க்கட்சி உறுப்பினரும் தன் யோசனைக்கு எவ்வளவு செலவாகும் என்று அங்கே கேட்டு வாங்கலாம். நம் சட்டமன்றச் செயலகத்தில் அப்படி ஒரு சிறு பிரிவைத் தொடங்கத் தடை ஒன்றும் இல்லை.

அதுவரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை. பட்ஜெட் தாக்கலான மறுவாரம், எதிர்க்கட்சி தன் மாற்று பட்ஜெட்டை இருபது பக்கத்தில் வெளியிடட்டும். எந்த வரியை உயர்த்துவோம், எந்தச் செலவை நிறுத்துவோம், மின்வாரிய நட்டத்தை எத்தனை ஆண்டில் அடைப்போம் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். முதலாண்டு அதில் தப்பு இருக்கும். ஆளுங்கட்சி அதைப் பிடித்துக்கொண்டு கிழிக்கும். அடுத்த ஆண்டு திருத்தி எழுதட்டும்.