‘இன்சென்டிவ்’ என்றால் என்ன? தெரிஞ்சுக்கலாம் வாங்க!



வங்கிக்குப் போனாலும், பால் சொசைட்டிக்குப் போனாலும் ‘இன்சென்டிவ்’ என்ற வார்த்தை காதில் விழுகிறது. "ஏதோ காசு வருமாம்" என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். எதற்காக வரும், எப்போது வராமல் போகும் என்று கேட்பதில்லை. அதனால்தான் இந்த விளக்கம்.

‘இன்சென்டிவ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘ஒரு செயலைச் செய்யத் தூண்டுகிற, ஊக்கப்படுத்துகிற’ என்று பொருள். லத்தீன் மொழியில் இதன் மூலச் சொல், பாட்டுக்குச் சுருதி எடுத்துக் கொடுப்பதைக் குறித்தது. கும்மியில் ஒருத்தர் முதல் அடி எடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறோம் இல்லையா, அது மாதிரி. நம் குழுவில் ‘ஊக்குநர்’ என்று சொல்கிறோமே, அந்தப் பெயரிலும் இதே பொருள்தான் இருக்கிறது. பணத்தோடு சேர்த்துச் சொல்லும்போது தமிழில் ‘ஊக்கத்தொகை’ என்கிறோம்.

சம்பளம் வேறு, மானியம் வேறு, ஊக்கத்தொகை வேறு. செய்த வேலைக்குக் கூலி சம்பளம். செலவில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொண்டால் மானியம். "நீ இதைச் செய், அப்புறம் நான் இதைத் தருகிறேன்" என்றால் ஊக்கத்தொகை. அதாவது, இதில் எப்போதும் ஒரு நிபந்தனை இருக்கும்.

ஒரு உதாரணம். தமிழக அரசு 2023 டிசம்பர் 18 முதல் பாலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. கூட்டுறவு சங்கம் வழியாக ஆவினுக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்குத்தான் அது. தனியாருக்கு ஊற்றினால் கிடையாது.

இன்னொன்று நம் குழுக்கடன். 2013-ல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில், முதலில் 150 மாவட்டங்களில், மகளிர் குழுக்களுக்கு 3 லட்சம் வரை 7 சதவீத வட்டியில் கடன் கொடுத்தார்கள். தவணை தவறாமல் கட்டிய குழுவுக்கு மேலும் 3 சதவீதம் குறைந்து, வட்டி 4 சதவீதம் ஆனது. சுலபமான கணக்குக்கு, ஒரு லட்சம் ஒரு வருஷம் முழுதும் நிலுவையில் இருப்பதாக வையுங்கள். 7 சதவீதம் என்றால் வட்டி 7,000 ரூபாய். 4 சதவீதம் என்றால் 4,000 ரூபாய். மிச்சம் 3,000 ரூபாய்! ஒரே ஒரு உறுப்பினர் கட்டாமல் விட்டு, அதனால் குழுவின் தவணை தவறினால், இழப்பு அவருக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும்தான்.

வட்டிச் சலுகை விதிகளை அரசு அவ்வப்போது மாற்றுகிறது. அதனால் கடன் வாங்கும் முன் வங்கிக் கிளையில் இந்த மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்:

1. இது கிடைக்க நாங்க என்ன செய்யணும்?
2. எந்தத் தேதிக்குள்ள செய்யணும்?
3. பணம் எந்தக் கணக்கில், எப்போ வரும்?

பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "உங்களுக்கு இன்சென்டிவ் வந்திருக்கு, ஓ.டி.பி. நம்பர் சொல்லுங்க" என்று யாராவது போன் செய்தால் சொல்லவே சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத அக்காமார்களுக்கும் புரியும்படி எடுத்துச் சொல்லுங்கள். நிபந்தனை தெரிந்தால்தான் ஊக்கத்தொகை நம் கைக்கு வரும்!