எள்ளுக்கு உயிர் இருக்கா? ஈரத்துணி சொல்லும்!



பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு இதையெல்லாம் முளைகட்டுவது நமக்குப் பழகிப்போன வேலை. எள்ளை முளைகட்டுகிறேன் என்று சொன்னால் மட்டும், "ஐயையோ, எள்ளா? வீட்டுக்குள்ளேயா?" என்று கேட்கிற பெரியவர்கள் இன்னமும் உண்டு. திதிக்கும் தர்ப்பணத்துக்கும் உள்ள பொருளாச்சே என்ற தயக்கம்தான்! கல்யாண வீட்டில் பாலிகை தெளிக்கும்போது நெல், உளுந்து, பயறு, கடுகோடு எள்ளையும் சேர்க்கிற குடும்பங்கள் எத்தனையோ. மணமக்கள் எதிரில் முளைக்கலாம் என்றால், நம் அடுப்பங்கரையில் முளைக்கக் கூடாதா என்ன?

முதலில் எந்த எள் முளைக்கும் என்று பார்ப்போம். கடையில் வெள்ளை வெளேரென்று பளிச்சென்று கிடைப்பது பெரும்பாலும் தோல் நீக்கியது. அதை நம்ப முடியாது. வறுத்த எள் முளைக்கவே முளைக்காது. தோலோடு இருக்கிற கறுப்பு எள், சிவப்பு எள்தான் சரி. அதிலும் பழசாகிப்போனது மோசம் செய்யும். பார்வைக்குப் புதுசும் பழசும் ஒன்றுபோலத்தான் இருக்கும்; ஈரத்துணியைத்தான் கேட்க வேண்டும்.

செய்முறை சுலபம். ஒரு வெள்ளைத் தட்டில் எள்ளைப் பரப்பி, நனைத்த தீக்குச்சி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு 100 எள் எண்ணி எடுங்கள். நல்லது, சொத்தை என்று பொறுக்காமல் வந்தபடி எடுக்க வேண்டும். பழைய வேட்டித் துணியை நனைத்து, நீர் சொட்டாதபடி பிழிந்து, அதன்மேல் ஒட்டாமல் பரப்பிச் சுருட்டி வையுங்கள். துணி காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால் போதும். எள்ளுக்குக் கதகதப்பு வேண்டும். மார்கழிக் குளிரில் தாமதமாகும். மூன்றாம் நாள் ஒரு தடவை, ஆறாம் நாள் ஒரு தடவை பிரித்து, வேரும் குருத்தும் ஒழுங்காக விட்டதை மட்டும் எண்ணுங்கள். சான்று விதை என்றால் 100க்கு 80 ஆவது முளைக்க வேண்டும் என்பது அரசாங்கக் கணக்கு.

"இது எதுக்கு இத்தனை பாடு?" என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு அக்கா. கணவருக்கு வெளியூரில் வேலை. நிலத்தைக் கவனிப்பது அவர்தான். கார்த்திகைப் பட்டத்தில் மானாவாரியாக எள் போட்டார். இரண்டு வருஷமாகப் பானையில் கிடந்த விதை; அப்படியே தெளித்துவிட்டார். பாதிக்கு மேல் வரவேயில்லை. திரும்ப விதை வாங்கி வருவதற்குள் நிலத்து ஈரம் போய்விட்டது. உழவுக் கூலி, ஆள் கூலி எல்லாம் வீண். ஏக்கருக்கு 2 கிலோ விதைதான். ஆனால் போனது ஒரு பட்டம் அல்லவா! விதையைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவது பெரும்பாலும் பெண்கள்தானே. அதற்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதும் நம் கையில் இருக்கட்டுமே.

சரி, சாப்பிட முளைகட்டுவது எப்படி? எள்ளைக் கல், மண் போக அரித்து, ஆறு மணி நேரம் ஊறவையுங்கள். அதற்கு மேல் தண்ணீரிலேயே விட்டால் நாற்றம் வந்துவிடும். வடிகட்டியில் எள் நழுவிவிடும். மெல்லிய துணியில் வடித்துத் தளர்வாக முடிந்து தொங்கவிடுங்கள். காலையும் மாலையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஒன்றிரண்டு நாளில் வெள்ளைப் புள்ளியாக முளை எட்டிப்பார்க்கும். அப்போதே எடுத்துவிடுங்கள். நீள விட்டால் கசக்கும். வெறும் வாணலியில் ஈரம் போக வதக்கி, மிளகாய், புளி, உப்பு சேர்த்துத் துவையல் அரைத்தால் சாதத்துக்கு அருமை!

மூன்று விஷயம் மறக்காதீர்கள். விதைக்கென்று கடையில் வாங்கும் பாக்கெட்டில் பெரும்பாலும் பூச்சி, பூஞ்சாண மருந்து கலந்திருக்கும். மிச்சமிருக்கிறதே என்று அதைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. குழந்தைகள் கைக்கும் எட்டக் கூடாது. இரண்டாவது, முளை வளரும் ஈரத்தில் கிருமியும் வளரும். பிள்ளைத்தாய்ச்சிக்கும், குழந்தைகளுக்கும், வயசானவர்களுக்கும் பச்சையாகத் தராமல் நன்றாக வேகவைத்தே கொடுங்கள். கொழகொழவென்று ஆனாலோ வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மூன்றாவது, எள் சிலருக்கு ஒவ்வாது. தின்றதும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

தோட்டம் இல்லாதவர்களும் ஒரு தொட்டியில் நாலு எள்ளை அரை அங்குல ஆழத்துக்குள் ஊன்றிப் பாருங்கள். தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. வெளிர் ஊதாவும் வெள்ளையுமாக மணி மணியாய்ப் பூக்கும். என்ன, இந்த வாரமே ஒரு பிடி எள்ளை நனைத்துப் பார்க்கிறீர்களா?

— ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்